பட்டாளத்துப் பிடித்தம்

கேமரன் மலை, பகாங்.

இந்த வாரம் எங்கள் லயத்தில் ஒரே அமர்க்களம். பட்டாளத்தில் இருக்கிற பையன் லீவில் வந்திருக்கிறான். தேயிலை ஆலையில் தூள் சலிக்கிற அவன் அம்மா, சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். "ஐயா, மாசாமாசம் இவ்வளவு வெள்ளி யாரு பிடிக்கிறா? நீங்களே பாருங்க."

பார்த்தேன். பிடிப்பது எல்டிஏடி. 1972இல் தொடங்கிய மலேசிய ராணுவச் சேமநிதி. அதிகாரி சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி. சிப்பாய் சேர்ந்தே தீர வேண்டும். சம்பளத்தில் அவன் பங்கு 10 சதவீதம், அரசாங்கம் போடுவது 15. தோட்டத்தில் எங்களுக்குத் தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப்பில் பிடிப்பது 11, முதலாளி பங்கு பெரும்பாலும் 13. பையனுக்குப் பிடிப்பதும் குறைவு, வருவதும் அதிகம் என்றதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பென்ஷன் பேச்சை எடுத்துவிட்டேன். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 21 வருஷம் முடிக்க வேண்டும். முடித்தால் சேமநிதியில் அவன் போட்ட பணமும் அதன் லாபமும்தான் கைக்கு வரும். அரசாங்கப் பங்கு பென்ஷன் கணக்குக்குத் திரும்பிவிடும். முடிக்காமல் வந்தால் இரண்டு பங்கும் கிடைக்கும், பென்ஷன் கிடையாது. வெளியே வருகிறவர்களுக்குத் தொழில் கற்றுத்தரப் பெர்ஹெபாட் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் இளமையை எல்லாம் முகாமில் கழித்துவிட்டுப் பென்ஷன் இல்லாமல் வந்து நிற்கிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நம் ஊரில், இந்தியாவில், ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க 15 வருஷம் போதும். நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருக்கிற கம்மவான்பேட்டையைப் பார்த்து வளர்ந்தவன். சித்தப்பா காஷ்மீரில் இருந்தபோது பங்காளி ஒருவர் வரப்புத் தகராறில் வழக்குப் போட்டார். ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடலாம் என்று கணக்கு. கமாண்டிங் அதிகாரியின் சான்று வந்தது, வழக்கு தள்ளிப்போனது. 1925ஆம் வருஷத்து இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டத்தின் வேலை அது. எல்லையில் இருப்பவனால் ஆஜராக முடியாது என்று தெரிந்தால் கலெக்டரே நீதிமன்றத்துக்கு எழுதலாம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், இருந்தாலும் எங்கள் சட்டம். கடன்காரன் டிக்ரி வாங்கினாலும் ஜவான் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. இப்போது ஜவானாகச் சேர்கிற அக்னிவீர்களில் பெரும்பாலோர் நாலே வருஷத்தில் பென்ஷன் இல்லாமல் வெளியே வர வேண்டுமே என்று கேட்பீர்கள். அது 2022இல் வந்த கூத்து, அதைப் பற்றி இன்னொரு மடலில் திட்டுகிறேன்.

இதையெல்லாம் நான் பெருமையடிக்க, பையன் பொறுமையாகக் கேட்டான். "ஐயா, எம்மேல வரப்பு வழக்குப் போட எங்களுக்கு நெலம் எங்க இருக்கு?"

வாயடைத்துப் போனேன். அவர்கள் மூன்று தலைமுறையாக இருக்கிற லயமே தோட்டத்துச் சொத்து. அம்மா வேலையை விட்டு நின்றால் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். அவன் கண் இருப்பது அதே சேமநிதியில் உள்ள வேறொரு விதியில். வீடு வாங்குவதற்கென்று சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை, பணியில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம். ரிங்லெட்டில் விலை கேட்டிருக்கிறான், கட்டுப்படியாகவில்லை. மலையடிவாரத்தில் தாப்பாவில் பார்க்கிறானாம். அம்மாவுக்குத்தான் அந்தப் புழுக்கம் ஒத்துக்கொள்ளாது என்று கவலை.