இடுப்புக் குழந்தையின் பங்கு

மாதம் ஒருமுறை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எடை போடப் போவது என் வேலை. தொங்கும் தராசில் கட்டிய துணித் தொட்டிலில் கிடத்தியதும் தெருக்கோடிவரை கேட்கும்படி அழுவான். எண்பதுகளின் தொடக்கம், மதுரை மாவட்டத்துக் கிராமம். உலக வங்கிக் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பத்தாவுக்குத் தராசே ஆகாது. "நிறுத்துப் பார்த்தா பிள்ளை இளைச்சிரும்" என்று, திரும்பி வந்ததும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள்.

எடை போடும் டீச்சரம்மா அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். கோடு ஏறவில்லையென்றால் தொண்ணூறு நாள் சத்துருண்டை. மாவும் வெல்லமும் மணக்கும் அந்த உருண்டையை அங்கேயே உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் எத்தனை வாய் பங்கு கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அதில் ஒரு வாய் என்னுடையது. தம்பி தேறியதும் உருண்டையை நிறுத்திவிட்டார்கள். "நல்லா வளர்ற பிள்ளைக்கு எதுக்கு நிறுத்தணும்?" என்று அம்மா சண்டைக்குப் போனாள். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை எடை பார்ப்பது, தளர்ந்தவர்களுக்கு மட்டும் மருந்துபோல உணவு தருவது என்ற கணக்கு அவளுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. பள்ளியில் நான் தட்டோடு உட்கார்ந்தேன். பால்வாடியில் இரண்டு வயது தாண்டிய வாண்டுகளுக்கும் சோறு கிடைத்தது. நடந்து வரமுடிந்த பிள்ளைக்குத் தட்டு வந்துவிட்டது. இடுப்பில் இருந்த பிள்ளைக்கோ வீட்டில் கஞ்சித் தண்ணிதான்.

வருடங்கள் கழித்து வியட்நாமின் தான் ஹோவா மாகாணத்தைப் பற்றிப் படித்தபோது அந்தக் கஞ்சி நினைவுக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே போன ஜெர்ரி, மோனிக் ஸ்டெர்னின் தம்பதியர், பரம ஏழை வீட்டிலும் நன்றாக வளரும் பிள்ளைகள் உண்டா என்று தேடினார்கள். இருந்தார்கள். அந்தத் தாய்மார்கள் வயலில் பொறுக்கிய சின்ன இறாலையும் நண்டையும், சர்க்கரைவள்ளிக் கீரையையும் பிள்ளையின் சோற்றில் சேர்த்தார்கள். கை கழுவி ஊட்டினார்கள். ஒரே அளவு சோற்றைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு மற்ற தாய்மார்களும் ஆளுக்குக் கொஞ்சம் இறாலும் கீரையும் கொண்டுவந்து, கூடிச் சமைத்து ஊட்டிப் பழகினார்கள்.

எங்கள் வயலிலும் நண்டு இருந்தது. சளி பிடித்தால் அப்பத்தா நண்டு ரசம் வைப்பாள், பெரியவர்களுக்கு. பிள்ளைக்குக் கொடுத்தால் மாந்தம் என்பாள். பருப்பும் மாந்தம், முட்டையும் மாந்தம். கைக்குழந்தையின் வயிறு சின்னது. தண்ணிக் கஞ்சி அதை நிரப்பிவிடும், வளர்க்காது. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும் கெட்டியாகக் குழைத்த சோறு, பருப்பு, கீரை, முட்டை வேண்டும்.

ஆனால் நடவுக் காலத்தில் விடியுமுன் வயலுக்குப் போகிறவள் எத்தனை வேளை ஊட்டுவாள்? அம்மா போனபின் தம்பிக்குச் சோறு என் கையில். அவன் முகத்தைத் திருப்பினால் மிச்சத்தை நான் தின்றுவிட்டு விளையாடப் போவேன். தராசும் உருண்டையும் எங்கள் ஊருக்கு நல்லது செய்தன. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததாகப் பிந்தைய மதிப்பீடுகளும் சொல்லின. அம்மா இல்லாத அந்தப் பகல்பொழுதுக்கு மட்டும் திட்டத்தில் ஆள் இல்லை.

இன்று ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலிருந்து சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. அதைப் பிசைந்து, உட்கார்ந்து, பொறுமையாக ஊட்ட ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். அப்பாவும் தாத்தாவும் ஊட்டலாம். வேலைத்தலத்தில் பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமென்று கிராம சபையில் கேளுங்கள்.