களுகங்கையோடு கடல் வரை

பலாங்கொடைப் பக்கமோ இறக்குவானைப் பக்கமோ பிறந்து வளர்ந்த வாசகர்களே, உங்களில் எத்தனை பேர் கடலில் கால் நனைத்திருக்கிறீர்கள்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறிய நாடு எமது நாடு. இரத்தினபுரியிலிருந்து மேற்கே நேர்கோடு இழுத்தால் ஐம்பது கிலோமீற்றர் அளவில் கடல் வந்துவிடும். ஆனாலும் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கருவாட்டு வாசனையிலும் உப்பிலும்தான் அவர்களிற் பலர் கடலை அறிந்திருப்பார்கள்.

சென்ற ஜனவரியில் மூன்று பெரியவர்களோடு பேருவளைக்குப் போய் மூன்று இரவுகள் தங்கி வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். ஒருவர் எனக்குப் படிப்பித்த ஆசிரியர், அதிபராகி இளைப்பாறியவர். மற்றவர் தோட்டத்துச் சந்தியில் நாற்பது வருடம் கடை வைத்திருந்த ஹாஜியார். மூன்றாமவர் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். மூவரும் ஒரே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்றும் ஒருவரை ஒருவர் “மச்சான்” என்றுதான் அழைக்கிறார்கள். அதிபர் சேரை நான் இன்னும் நேருக்கு நேர் பார்த்துப் பேசத் தயங்குவேன், அவரைக் கணக்கப்பிள்ளை ஐயா “டேய் மச்சான், மருந்து குடிச்சியா?” என்று அதட்டும்போது எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாகிவிட்டது.

அவர்கள் மனைவியரும் வந்தார்கள். முதல் வருடம் ஆண்கள் மட்டும் போய் வந்தார்களாம். அடுத்த வருடம் வீட்டிலிருந்து கேள்வி வந்தது, “கடல் உங்களுக்கு மட்டுமா?” என்று. நியாயமான கேள்வி. பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும் ரியாதிலும் இருக்க, மலையடிவார வீட்டில் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனித்திருப்பது இருவரும்தானே.

இரத்தினபுரியிலிருந்து இங்கிரிய, ஹொரணை வழியாகப் பாணந்துறைக்கு இறங்கும் பாதையில் வேன் சென்றது. இரு பக்கமும் றப்பர். பால் வெட்டிய மரங்களில் சிரட்டைகள் தொங்குவதைப் பார்த்ததும் கணக்கப்பிள்ளை ஐயா கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டார். “இந்த மலைக்குப் பசளை போட்டு நாளாச்சு” என்றார். ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும் தோட்டம் அவரை விடவில்லை.

பாணந்துறையில் காலி வீதியைப் பிடித்து, வாதுவையைத் தாண்டிக் களுத்துறைப் பாலத்தில் ஏறும்போது சேர் வேனை மெதுவாக ஓட்டச் சொன்னார். கீழே ஓடுவது களுகங்கை. பாவா ஆதம் மலைப் பக்கத்தில் பிறந்து, இரத்தினபுரி நகரத்தை உரசிக்கொண்டு, 129 கிலோமீற்றர் ஓடி இங்கேதான் கடலில் சேருகிறது. பாதைகள் சரியில்லாத அந்தக் காலத்தில் இரத்தினபுரிப் பொருட்கள் படகுகளில் இந்த ஆற்றின் வழியே களுத்துறைக்கு வந்து சேர்ந்தன. “எங்கட ஊர்த் தண்ணி” என்றார் சேர். எங்கள் ஊர்த் தண்ணீர் எப்போதும் நல்ல பிள்ளையாக வருவதில்லை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியை மூழ்கடித்த வெள்ளங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 இல் அந்த நீரை வடிய விடுவதற்காகக் களுத்துறைக் கழிமுகத்தின் மணல் திட்டு வெட்டப்பட்டது. அதன்பின் கலிடோ கடற்கரையின் பெரும் பகுதியைக் கடல் அரித்துவிட்டது. மலையில் பெய்த மழை கடற்கரையைத் தின்றது என்று பாலத்தில் நின்று சொன்னால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள்.

மலையிலிருந்து இறங்கிக் கடலோரம் போகும் இந்த வழக்கம் எமக்கு முன்னரே ஒருவர் காட்டித் தந்தது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா பாவா ஆதம் மலையில் ஏறிவிட்டுத் தெற்கே இறங்கித் தேவுந்துறையைப் பார்த்தார். பின் காலியைக் கண்டார். அதன்பின் கொழும்பை அடைந்தார். தீனவர், காலி, கலன்பு என்று அவர் எழுதிவைத்த பெயர்களை மத்ரஸாவில் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகும். காலியில் கப்பல் தலைவர் ஒருவர் தமது வீட்டில் அவருக்கு விருந்தளித்ததையும் அவர் குறிக்கத் தவறவில்லை. பயணிக்குச் சோறு போட்டவரின் பெயர் ஏறத்தாழ எழுநூறு வருடம் நிலைத்துவிட்டது: இப்றாஹீம்.

பேருவளை என்ற பெயர் பாய் இறக்கும் இடம் என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அரபு வணிகர்கள் பாய் இறக்கிய கரை. மருதானையிலுள்ள மஸ்ஜிதுல் அப்ரார் பள்ளிவாசல் கி.பி. 920 இல் எழுந்ததாகப் பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை முனையில் வெள்ளை வெளேரென்று கெச்சிமலைப் பள்ளிவாசல். அங்கே அஷ்ரப் வலியுல்லாஹ் அவர்களின் அடக்கஸ்தலம் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு அந்த முனையில் அமர்ந்தால் ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், பலநாள் படகுகள். எதிரே தீவில் 1889 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு. ஹாஜியாருக்கு முழங்கால் வலி. படிகளில் ஏறும்போது கணக்கப்பிள்ளை ஐயா தோள் கொடுத்தார். மேலே போனதும் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிழலில் நின்றார். “நீ தொழுதிட்டு வா மச்சான், நான் படகை எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றார். உண்மையிலேயே எண்ணினார். நாங்கள் வெளியே வந்தபோது கணக்குச் சொன்னார்.

சீனன்கோட்டை மாணிக்கக் கல் சந்தைக்கும் போனோம். எங்கள் பக்கத்தில் பத்தலுக்குள் இறங்கி, சேறும் வியர்வையுமாக இல்லம் என்ற கல்மண்ணை அள்ளி, கூடையில் அரித்து, நாட்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல், ஒருநாள் ஒரு கல் கண்ணில் படும். அந்தக் கல் இங்கே வெள்ளைத் தாளில் மடித்து வைக்கப்பட்டுச் சட்டைப்பையிலிருந்து சட்டைப்பைக்குப் போகிறது. ஹாஜியாருக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. ஒரு பத்தலில் பங்கு போட்டவர். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பேருவளையின் மாணிக்கச் செல்வம் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்குச் சேர் ஜாமிஆ நளீமியாவைக் காட்டினார். மாணிக்க வணிகரான மர்ஹூம் நளீம் ஹாஜியார் 1973 இல் தொடங்கி வைத்த கலாபீடம் அது. கல் விற்ற காசு கல்விக்கூடமாக நிற்கிறது.

தங்கியது ஓட்டலில் அல்ல. தெரிந்தவர் மூலம் எடுத்த பழைய வீடு, கடலுக்கு நடந்து போகும் தூரம். பெண்களுக்கு உள் அறைகள், ஆண்களுக்கு முன் விறாந்தை. சமையலைப் பக்கத்து வீட்டுத் தாயொருவரிடம் ஒப்படைத்தோம். விடுமுறை என்று போய் வேறொரு வீட்டு அடுப்படியில் பெண்களை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. காலையில் இடியப்பமும் சொதியும், பகலில் சோறும் மீன் ஆணமும், இரவில் ஒருநாள் வட்டிலப்பம். மூன்று நாளும் மாட்டிறைச்சி சமைக்க வேண்டாம் என்று சேரின் மனைவி முதலிலேயே சொல்லிவிட்டார். யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

பணம் பற்றிப் பேசியாக வேண்டும். சேருக்கு அரசாங்கப் பென்ஷன். ஹாஜியாருக்குக் கடை வாடகை வருகிறது. கணக்கப்பிள்ளை ஐயாவுக்குப் பென்ஷன் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி மட்டும்தான். 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நூற்றுக்கு 8, தொழில்தருநர் 12 என்று சேரும் நிதி அது. ஆண்கள் 55 வயதில், பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அவருடைய பணம் மகனை வெளிநாடு அனுப்புவதில் போயிற்று. வேலையோடு கிடைத்த தோட்டத்து வீட்டையும் ஓய்வுபெற்றதும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் பிறருக்குப் பேர் போட்டுக் கணக்கெழுதிய மனிதர், இப்போது மகள் வீட்டில். இரண்டு வருடம் “கால் வலி, வரமுடியாது” என்று இந்தப் பயணத்துக்கு மறுத்தாராம். கால் வலி எதனால் என்று நண்பர்களுக்குத் தெரியாதா? அவருக்கும் சேர்த்துத் தாங்கள் கொடுப்பதாகச் சொன்னால் நட்பே போய்விடும் என்பதும் தெரியும்.

சேர் ஒரு வழி கண்டார். ஒரு துணிப்பை. புறப்படும் முன் ஒவ்வொருவரும் அறைக்குள் தனியே போய் இயன்றதை அதில் போட்டுவிட்டு வரவேண்டும். யார் எவ்வளவு என்று எவரும் பார்ப்பதில்லை. செலவெல்லாம் அந்தப் பையிலிருந்து. கணக்கு வைப்பவர் கணக்கப்பிள்ளை ஐயா! வேனில் அவர் மடியில் பையும் சிறு கொப்பியும் இருந்தன. டீசலுக்கு இவ்வளவு, பிளேன்டீக்கு இவ்வளவு என்று சதம் பிசகாமல் எழுதினார். பிரயாணிகள் தம் கட்டுச்சோற்றை ஒன்றாகச் சேர்த்துப் பகிர்ந்து கொள்வதற்கு அரபியில் நிஹ்த் என்று பெயர். இமாம் புகாரி அவர்கள் கூட்டுப் பங்கு பற்றிய பகுதியில் இதற்கென்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். சேரிடம் இதைச் சொன்னேன். “நான் ஹதீஸ் பார்த்துச் செய்யல்ல மௌலவி, அவன்ட முகத்தைப் பார்த்துச் செய்தன்” என்றார்.

இந்த நட்புக்குப் பின்னால் இன்னொன்றும் உண்டு. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, கணக்கப்பிள்ளை ஐயாவின் குடும்பம் ஹாஜியாரின் தகப்பனாருடைய கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. 2014 ஜூன் 15 அன்று அளுத்கமை, தர்கா நகர், பேருவளையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது ஹாஜியாரின் மகள் தர்கா நகரில் இருந்தார். அன்றிரவு முழுவதும் ஐயா தொலைபேசியை வைக்கவில்லை. இவற்றை எனக்குச் சொன்னவர் சேர். மற்ற இருவரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

தொழுகை விடயம் ஒன்று. பலாங்கொடையிலிருந்து பேருவளை கஸ்ருக்குரிய தூரத்தைத் தாண்டிவிடுகிறது. ஷாபிஈ மத்ஹபின்படி வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணமில்லாவிட்டால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். “பாதி வேலைக்கு முழுப் பேரா? எங்க தொரைமாருக்கு இந்தச் சட்டம் தெரியாமப் போச்சே” என்றார். ஹாஜியார் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது விறாந்தைப் படியில் ஐயா உட்கார்ந்திருந்தார். நாலு மணி. தூக்கம் வரவில்லையா என்று கேட்டேன்.

“நாப்பது வருசம் இந்த நேரத்துக்கு எந்திரிச்சு பெரட்டுக் களத்துக்குப் போனவன் மௌலவி. ஒடம்பு கேக்காது.” சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இந்தச் சத்தம் ராத்திரியும் நிக்காதா?” என்று கேட்டார். அலைச் சத்தத்தைத்தான். நிற்காது என்றேன். “அதுக்கு லீவு இல்ல” என்றார்.

கொழும்புக்குப் பலமுறை போனவர். காலிமுகத்திடலைப் பஸ்ஸிலிருந்து பார்த்தவர். ஆனால் கடலில் இறங்கியதில்லை. ஸுப்ஹுக்குப் பின் எல்லோருமாகப் போனோம். அந்த இடம் கற்பாறைகளால் சற்று அடைக்கப்பட்டு அலை அடங்கியது. ஹாஜியார் மணலோடு நின்றுவிட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு அவர் முழங்கால் அளவு நீருக்கு மேல் போவதில்லை; தெல்வத்தையில் ரயிலோடு போனவர்களில் அவருக்குத் தெரிந்தவரும் இருந்தார். சேர்தான் ஐயாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுபத்தேழு வயதில், முதல் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போனதும் ஐயா “ஏய், நெலம் ஓடுதுடா!” என்று சத்தமிட்டார். கரையிலிருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் மெதுவாக நீரை நோக்கி நடந்தார். ஐயா திரும்பிப் பார்த்து, அவருக்காகக் காத்து நின்றார்.

போக விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; கடல் கொந்தளிக்கும், குளிக்க உகந்ததல்ல. நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். எந்த இடத்தில் இறங்கலாம் என்று அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். வயதானவர்களைத் தனியே விடாதீர்கள். துறைமுகத்தில் காலையில் போனால் அறுக்குளாவும் பாரையும் புதிதாகக் கிடைக்கும். ஐஸ் போட்டுக் கட்டித் தருவார்கள். நாங்களும் வாங்கினோம்.

திரும்பும் வழியில் இங்கிரியவில் தேநீருக்கு நிறுத்தியபோது ஐயா கொப்பியைத் திறந்து கணக்கை வாசித்தார். பையில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பங்கு பிரிப்பதா என்று ஹாஜியார் கேட்டார். “அது அடுத்த வருசத்துக் கணக்கு” என்று சொல்லிவிட்டு, கொப்பியில் புதிய பக்கம் புரட்டி, மேலே ‘வெலிகமை’ என்று எழுதினார்.