கடைசி நாற்காலி

ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், மனிதவளப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு எங்களுக்குக் குடும்ப நாள். தொழிலாளர்கள் மனைவி மக்களோடு வருவார்கள். அப்பா நிற்கும் மெஷினைப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். கோலப் போட்டி, பரிசளிப்பு, கலை நிகழ்ச்சி, கடைசியில் சாப்பாடு. கலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு.

ஒரு வருடம் மேஜிக் ஷோ வைக்கலாம் என்று கமிட்டியில் முடிவாயிற்று. தெரிந்தவர் மூலம் ஒரு கலைஞரின் நம்பர் கிடைத்தது. அந்தத் தேதி காலியா, எவ்வளவு வாங்குவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்ற மூன்று கேள்வியோடு பேச்சை முடித்துவிட்டேன். "மேடை எப்படி சார் இருக்கும்?" என்று அவர் கேட்டார். "பெரிய மேடைதான், கவலைப்படாதீங்க" என்றேன். அதே வாரம் சமையல் காண்ட்ராக்டரோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன்.

அந்த ஷோ நடந்த விதத்தை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். மேடைக்கு மூன்று பக்கமும் நாற்காலி போட்டிருந்தோம். பின்னால் கம்பெனிப் பெயர் ஓடும் எல்இடி திரை கண் கூசும்படி எரிந்தது. ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய ஷோ, பரிசளிப்பும் பேச்சும் நீண்டுபோனதால் எட்டேகாலுக்குத்தான் தொடங்கியது. கால் மணி நேரத்தில் சாப்பாட்டுப் பந்தலில் விளக்குப் போட்டுவிட்டார்கள். பிரியாணி வாசனை வந்ததும் பின்வரிசை எழுந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், "உள்ளதான் இருக்கு, எனக்குத் தெரியுது!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அவர் அந்தப் பையனைப் பார்த்துப் புன்னகை செய்தார். பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, கயிறு, கைக்குட்டை என்று சின்ன ஐட்டங்களுக்குப் போனார். அரை மணியில் கும்பிட்டு முடித்துக்கொண்டார். கொண்டுவந்த நான்கு டிரங்குப் பெட்டிகளில் இரண்டைத் திறக்கவே இல்லை.

இரவு அவரும் அவர் மனைவியும் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அவருக்கு உதவியாளரும் அந்த அம்மாதான். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார். பையன் பொய் சொல்லல. அந்த இடத்துல யார் உக்காந்தாலும் தெரியும். அங்க நாற்காலி போட்டிருக்கக் கூடாது" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட மறந்திருப்பேன். இந்தப் பொறுமை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதன் பிறகுதான் இந்தக் கலையைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9 அன்று லண்டனில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் மேஜிக் செய்தார். மேசைமேல் படுத்திருந்த பெண்ணை மின்சார ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். பிறகு அவளை எழுப்பிப் பார்த்தார். எழவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். அந்த நேரத்தில் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன்னால் வந்து, நிகழ்ச்சி இத்துடன் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். பெண் செத்தே போய்விட்டாள் என்று பதறி ஜனங்கள் பிபிசிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். நேரத்தைக் கணக்குப் பண்ணியே சர்க்கார் அப்படி முடித்தார் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் எனக்கு அதில் ஒன்று விளங்கியது. பாட்டுக் கச்சேரியில் நேரம் போதாவிட்டால் இரண்டு பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். மேஜிக்கில் முதலில் காட்டும் சின்ன ஐட்டம், கடைசியில் வரும் பெரிய ஐட்டத்துக்குக் கூட்டத்தைத் தயார்செய்கிறது. 45 நிமிட ஷோவின் வாலை வெட்டினால், எதற்காக அத்தனையும் கட்டினாரோ அதுவே போய்விடும். எங்கே நிறுத்துவது என்பது கலைஞர் கையில் இருக்கும்வரைதான் அது வித்தை. எங்கள் மேடையில் அதை நான் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் அவரையே கூப்பிட வேண்டும் என்று கமிட்டியில் வாதாடினேன். "போன வருஷம் சுமாராத்தானே இருந்தது" என்றார்கள். தவறு நம்முடையது என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். போன் செய்தபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு தடவை வந்து இடத்தைப் பாக்கணும் சார்."

புதன்கிழமை மதியம் மனைவியோடு வந்தார். மேடையில் அவர் ஏறவே இல்லை. அந்த அம்மா மட்டும் ஏறி, ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். குடை இருந்த இடம்தான் பெட்டி நிற்கப்போகும் இடம். இவர் கீழே, முன்வரிசையின் இடது கோடி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். வலது கோடிக்குப் போனார். கடைசி வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கேயே குத்துக்காலிட்டு, ஒரு குழந்தையின் கண் உயரத்தில் பார்த்தார். எழுந்து நின்று, பின்னால் நிற்கப்போகிறவன் உயரத்தில் பார்த்தார். இரண்டடி தள்ளு என்று மனைவிக்குக் கை காட்டினார். குடை நகர்ந்தது. பிறகு பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, மேடையின் இரண்டு மூலையிலிருந்தும் தரையில் சாய்வாகக் கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்கு வெளியே ஒருத்தரும் உக்கார வேண்டாம். மேடைக்குப் பின்னாடி ஆள் நடமாட்டம் வேண்டாம். என் நேரத்துல எல்இடிய அணைச்சிடுங்க. இது மூணும் நடந்தா மத்தத நான் பாத்துக்கறேன்." எண்பது நாற்காலிகளை உள்ளே தள்ளினோம். அந்தக் கோடு ஞாயிறுவரை அழியாமல் இருக்கும்படி ஹவுஸ்கீப்பிங்காரர்களிடம் சொல்லி வைத்தேன்.

பிறகு கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே கேள்வி கேட்கத் தொடங்கினார். குழந்தைகள் எத்தனை, எந்த வயது? தமிழ் தெரியாதவர்கள் உண்டா? எங்கள் ஷாப்பில் பாதிப்பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துப் பையன்கள். அதைச் சொன்னதும், பேச்சை நம்பிய இரண்டு ஐட்டங்களை எடுத்துவிட்டு, இசையோடு மட்டும் செய்யும் ஐட்டங்களைச் சேர்த்தார். நெருப்பு காட்டலாமா என்றார். பக்கத்து ஷெட்டில் பெயிண்ட் ஷாப், தின்னர் டிரம் உண்டு என்றேன். கையில் குப்பென்று எரிந்து மறையும் காகித ஐட்டத்தை அந்த நிமிடமே நோட்டில் அடித்துவிட்டார். புறா உண்டா என்று நான் கேட்டேன். நிகழ்ச்சிகளில் பயன்படுத்தும் விலங்கு, பறவைகளை 2001ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், அதனால்தான் கேட்டேன். "நான் விட்டுட்டேன் சார். அதுங்க வேன்ல படற பாட்டைப் பாக்க முடியல" என்றார்.

யாரை மேடைக்குக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக்கூடாது என்றும் பேசினோம். கூட்டத்தில் யாருக்குத் துக்கம் நடந்திருக்கிறது, யார் கூச்சப்படுவார், யாருக்கும் மேலதிகாரிக்கும் மனத்தாங்கல் என்பதெல்லாம் வெளியிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அது நமக்குத்தான் தெரியும். மேடையில் ஒரு தொழிலாளி கூனிக் குறுகி நின்றால், மறுநாள் ஷிஃப்டில் அவன்தான் அதைச் சுமக்க வேண்டும். பெண்டாட்டி ஜோக்குகள் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். "என் பெண்டாட்டி பக்கத்துலயே நிக்கறாங்க, நான் எப்படி சார் சொல்வேன்?" என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அந்த வருடம் எங்கள் லைனில் ஒரு பாகத்தின் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டிருந்தது. காலிப் பெட்டியிலிருந்து அந்தப் பாகம் வர வேண்டும் என்பது எங்கள் எம்.டி.யின் ஆசை. எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறார். கலைஞர் எடை கேட்டார். 11 கிலோ. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெட்டிய விடுங்க சார். ஜனங்க மனசுல என்ன நிக்கணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் முன்பு பதில் யோசித்ததே இல்லை. பத்து லட்சம் என்ற எண்ணும், அதைச் செய்தவர்களும் என்றேன். "அப்போ அந்த லைன் ஆளுங்க பேர எழுத்துப் பிழை இல்லாம எழுதிக் குடுங்க" என்றார். 38 பேரின் பெயரை, அவரவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொடுத்தேன். எந்த ஐட்டம் வேண்டும் என்று கலைஞரிடம் சொல்வது, டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்பது போல. நமக்கு எங்கே என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, வழியை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

குடும்ப நாளன்று மதியம் இரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள். பூட்டுள்ள அறை ஒன்றையும் வாசலில் ஒரு செக்யூரிட்டியையும் கொடுத்திருந்தோம். தண்ணீர் கேன் கொடுக்க நானே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அந்த அம்மா ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் உள்ளே பார்த்துவிட்டேன். எப்படி என்று தெரிந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அன்றிரவு என் மகள், "அப்பா, நீ உள்ள போனியே, எப்படின்னு சொல்லுப்பா" என்று தூங்கும்வரை நச்சரித்தாள். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகியதை என் வாய் பத்து வினாடியில் கொட்டிவிடும். கலைஞரை அழைக்கிறவருக்கு இரண்டு கடமைகள் உண்டு என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவரிடம் நாம் கண்டதை யாரிடமும் சொல்லக்கூடாது.

ஐந்து மணிக்கு, கேட்டில் டோக்கன் வாங்க வரிசை நின்றபோது, அவர் மூன்று பித்தளைக் கிண்ணங்களோடு வந்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். செப்படி வித்தை என்று ஏமாற்றைக் குறிக்க நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். செப்பு என்றால் சிமிழ். கவிழ்த்த செப்புக்கு அடியில் பந்து வரும், போகும். அதைத்தான் மலையாளத்தில் செப்பும் பந்தும் என்பார்கள். வாழக்குன்னம் நம்பூதிரி அதில் பெரும் பெயர் பெற்றவர். எங்கள் வரிசையில் முதலில் நின்றவன் வெல்டிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒடிசாப் பையன். வந்து ஐந்து மாதம். தமிழ் வராது. கலைஞர் ஒன்றும் பேசாமல் அவன் உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பந்தை வைத்து விரல்களை மூடினார். ஒரு கிண்ணத்தைத் தூக்கினார். அங்கே ஒரு சிவப்புப் பந்து இருந்தது. கையைத் திற என்று ஜாடை செய்தார். அவன் திறந்தான். கை காலி. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். ஐந்து மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பின்னால் நின்ற தமிழ்ப் பையன் ஒருவன் அவன் தோளில் தட்டி, "தேடு, தேடு" என்றான். இருவரும் ஒன்றாக ஸ்டூலுக்கு அடியில் குனிந்து தேடினார்கள்.

ஷோ சரியாக ஏழு மணிக்குத் தொடங்கியது. பேச்சையும் பரிசளிப்பையும் முன்னாலேயே முடித்துவிட்டோம். சாப்பாட்டுப் பந்தலில் எட்டு மணிவரை விளக்கே போடக்கூடாது என்று காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்கியிருந்தேன். போட்டோகிராபர் நேர் எதிரே மட்டும் நின்றார். நான் கடைசி வரிசையின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கடைசி ஐட்டமாக வெள்ளைத் துணி ஒன்றை இருபக்கமும் காட்டினார், நான்காக மடித்தார், உதறினார். பத்து லட்சம் என்ற எழுத்தும் அதன் கீழே 38 பெயர்களும் விரிந்தன. ஒரு கணம் கூட்டத்தில் சத்தமே இல்லை. "ஏங்க, உங்க பேருங்க!" என்று நடுவரிசையில் ஒரு அம்மாவின் குரல் கேட்டது. அதன் பிறகுதான் கைதட்டல். எங்கள் எம்.டி. பெட்டியைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் வருடம் அவர் பில்லை நாங்கள் 70 நாள் கிடப்பில் போட்டோம். வெண்டர் பதிவு இல்லை, ஃபார்ம் சரியில்லை என்று கணக்குப் பிரிவு இழுத்தது. மூன்று முறை எனக்குப் போன் செய்தார். மூன்று முறையும் மரியாதையாகவே பேசினார். அதை நினைக்கும்போது, நான் படித்த இன்னொரு கதையும் நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்திலிருந்து லண்டன் போன ஒரு வித்தைக்காரரை ஆங்கிலேயர்கள் ராமோ சாமி என்று அழைத்தார்கள். நம் ராமசாமி என்ற பெயர்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது. பந்து வித்தையிலும் வாள் விழுங்குவதிலும் அந்த ஊரையே வியக்க வைத்தவர். 1850இல் அங்கேயே வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி ஊராரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. கைதட்டல் அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்திருந்தது.

இரண்டாம் வருடம் பாதித் தொகையை முன்பணமாக அனுப்பினோம். டிடிஎஸ் எவ்வளவு பிடிப்போம் என்பதை அன்றே சொல்லிவிட்டோம். ஃபார்ம்களை ஒரு மாதம் முன்பே முடித்தோம். ஷோ முடிந்து அவர்கள் பெட்டி கட்டும்போது நான்கு பேர் உதவினோம். இரண்டு இலைச் சாப்பாட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம், ஏனென்றால் கலைஞர்கள் கடைசியில்தான் சாப்பிடுகிறார்கள், அதற்குள் பாத்திரம் காலியாகிவிடுகிறது.

உங்கள் அலுவலகத்துக்கு ஒரு மேஜிக் கலைஞரை அழைக்கிறீர்களா? விலை பேசும் முன் கூட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லுங்கள். இடத்தைக் காட்டுங்கள். கடைசி நாற்காலியில் நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பேசிய நிமிடங்களை அவருக்குக் கொடுங்கள். அவர் வேன் கிளம்பும் முன் மீதித் தொகை அவர் கையில் இருக்கட்டும்.