விளக்கைப் போட்ட பிறகு

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகும். சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர் சத்தம் பாடத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், அவர்கள் திரும்பும் வரை எனக்கு வேலையே ஓடாது. "ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போயிட்டான் சார்" என்று ஒருவனைப் பற்றிச் சொல்வார்கள். லாரி ட்யூபில் சாராயம் சுமக்கப் போனவனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்படி அடிக்கடி காணாமல்போகிற ஒருவன் கடைசி பெஞ்சில் இருந்தான். எங்கே போனாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான்.

2022இல் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டம் வந்தது. 'தி ரெட் பலூன்' போட்டோம். 1956இல் ஆல்பெர் லமோரிஸ் எடுத்த பிரெஞ்சுப் படம். அரை மணி நேரம்தான், பேச்சும் குறைவு. ஜன்னலில் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினோம். பாரிஸ் தெருக்களில் ஒரு சிவப்பு பலூன் சிறுவனின் பின்னாலேயே போகிறது. மற்ற பையன்கள் துரத்திப் பிடித்து உண்டிவில்லால் அடிக்கிறார்கள். பலூன் மெல்லச் சுருங்கி இறங்குகிறது; ஒருவன் அதைக் காலால் மிதிக்கிறான். விளக்கைப் போட்டதும் வகுப்பே அந்தப் பையன்களைத் திட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அவனுங்களுக்கு யாரும் பலூன் வாங்கித் தந்திருக்க மாட்டாங்க சார்."

அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் நினைவு வந்தது. பதின்வயதில் சினிமா சங்கம் நடத்திக் கடன்பட்டு, வளர்ப்புத் தந்தையாலேயே போலீசில் ஒப்படைக்கப்பட்டவர். அவரை மீட்கப் பாடுபட்டவர் விமர்சகர் ஆந்த்ரே பஸான். வேலை கொடுத்தார், பிறகு தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1959இல் வந்த தன் முதல் முழுநீளப் படத்தை த்ரூஃபோ பஸானுக்கே காணிக்கையாக்கினார்.

அங்கிருந்து மனம் பம்பாய்க்குத் தாவுகிறது. இயக்குநர் மீரா நாயர் தெருப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்து நடிக்கவைத்த 'சலாம் பாம்பே' 1988இல் வந்தது. அதில் நடித்துத் தேசிய விருது பெற்ற சிறுவன் ஷஃபீக் சையது, பின்னர் வாய்ப்பு அமையாமல் பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். அதே படத்தின் வருமானத்தைக் கொண்டு தொடங்கிய சலாம் பாலக் அறக்கட்டளையோ இன்றும் தெருப் பிள்ளைகளுக்கு உறைவிடமும் படிப்பும் தருகிறது. கைதட்டல் ஓய்ந்த பிறகும் உடன் இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அந்தப் படத்துக்குப் பின் நடந்ததே எனக்குச் சொல்லித் தந்தது.

எங்கள் பையனுக்கும் அப்படி ஓர் இடம் அமைந்தது. பலூனைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவன் பேச ஆரம்பித்தான். சுமை தூக்கினால் ஓர் இரவுக்கு என்ன கிடைக்கும், வீட்டில் எவ்வளவு கடன் எல்லாம் சொன்னான். விடுதிக் காப்பாளர் மலைக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசினார். மாலையில் அவனுக்குக் கணக்கு சொல்லித்தர ஓர் ஆசிரியர் முன்வந்தார். 2024 ஜூனில் எங்கள் மாவட்டத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலிகொண்ட நாட்களில், அவன் ஐடிஐ விண்ணப்பத்தோடு என் முன் நின்றான்.

படம் அவனைப் பேசவைத்தது. ஆனால் அவன் மாறியது, அந்தப் பேச்சை உட்கார்ந்து கேட்க நாலு பேர் இருந்ததால். மாதம் ஒரு படம் போடும் பள்ளிகளுக்கு நான் சொல்வது இதுதான்: படம் முடிந்ததும் மணியடித்து அனுப்பிவிடாதீர்கள். பிள்ளைகள் பேசி முடிக்கும் வரை கூடவே இருங்கள். அன்று பேசியவனை மறுநாளும் கூப்பிட்டு விசாரியுங்கள்.