கொக்கு உடையாமல் வர வேண்டும்

எழுத்தைத் திரையில் அசைய வைக்கப் பழகுகிறவர்கள் ஸால் பாஸ் செய்த படத் தலைப்புகளைத் தாண்டிப் போக முடியாது. 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் பச்சைத் திரையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அந்தக் கோடுகளின் சாய்விலேயே பெயர்கள் சறுக்கி வந்து நிற்கும். கடைசியில் கோடுகளெல்லாம் ஒரு கட்டடத்தின் கண்ணாடிச் சுவராகிவிடும். 'சைக்கோ'வில் (1960) இன்னும் துணிச்சல். எழுத்தைக் கிடைமட்டமாக நறுக்கி, துண்டுகளை இடமும் வலமும் இழுத்து, ஒரு கணம் பொருத்திக் காட்டி, மறுபடி கலைத்துவிடுவார்.

எழுத்தை உடைத்தாலும் படிக்க முடியும் என்ற தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. தமிழில் செய்ய உட்கார்ந்தபோதுதான், எங்கே உடைப்பது என்ற கேள்வி எழுந்தது.

அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கும் கீஃபிரேம் வைப்பது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். எழுத்து விறுவிறுவென்று கிளம்பி மெதுவாக வந்து அமர்வதற்கு ஈஸிங் கொடுப்பதும் அப்படித்தான். பயிற்சிக்கு எல்லோரும் எடுப்பது, தட்டச்சு செய்வதுபோல் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் டைப்ரைட்டர் எஃபெக்ட். 'கொக்கு' என்று அடித்து ஓடவிட்டுப் பாருங்கள். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அடுத்து. அதனால் திரையில் முதலில் க வரும். அடுத்த கணம் அதன் இடப்பக்கம் கொம்பு முளைக்க, க வலப்பக்கம் துள்ளி நகரும். கூடவே கால் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு இன்னொரு க. அதன் தலையில் புள்ளி. அப்புறம் மூன்றாவது க. அது உருமாறி கு ஆகும். கொக்கு வந்து சேர்வதற்குள் கண் 'க', 'கொக', 'கொக்க' என்றெல்லாம் படித்துத் தொலைத்திருக்கும்.

பாஸ் நறுக்கிய ஆங்கில எழுத்து வெறும் துண்டுதான். வேறெதுவாகவும் அதைப் படிக்க முடியாது. கண் பொறுமையாகக் காத்திருந்து ஒட்டவைத்துக்கொள்ளும். கொ உடைந்தாலோ கையில் மிஞ்சுவது க என்கிற முழு எழுத்து. கண் அதைப் படித்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தை எவ்வளவு நல்ல ஈஸிங்காலும் மறைக்க முடியாது.

ஆகவே சொல்லை வடிவங்களாக மாற்றி, கொம்பையும் க-வையும் காலையும் ஒரே தொகுப்பாகக் கட்டிய பிறகே நகர்த்துகிறேன். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் தமிழ் எழுத்தில் பிரித்தாட்டத் தோதான இடங்களும் உண்டு என்பது இப்படிக் கட்டும்போதுதான் தெரிந்தது. புள்ளியைத் தனியாக விடலாம். க வந்து நிற்க, மேலிருந்து புள்ளி விழுந்து அதை க் ஆக்கும்போது, ஒலி சட்டென்று அடங்குவது கண்ணுக்கே தெரியும். அங்கே அசைவும் எழுத்தும் ஒரே வேலையைச் செய்கின்றன.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை இன்னொரு ருசி. தும்பிக்கை வைத்த அந்தப் பழைய உருவங்களைக் கோடு வளர்வதுபோல் அனிமேட் செய்தால் ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய லை இரண்டு துண்டு. எதை முதலில் விடுவது என்று யோசிக்க வேண்டும். சீர்திருத்தம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் செய்த உதவி பெரிது. அனிமேஷன்காரனை அப்போது யார் நினைத்தார்கள்!

ஆயத்த டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டி, கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் பறக்கும் விளம்பரங்களை அடிக்கடி பார்க்கிறோம். வேகமும் நிறமும் மென்பொருள் தரும். எழுத்து எதுவரை என்பதை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. கொ ஒரே எழுத்து என்று ஒன்றாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. அதை நினைவில் வைத்துக்கொண்டு கீஃபிரேம் வைத்தால் போதும்.