ஊதா வெளிச்சமும் தனிவட்டியும்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி மெப்ஸுக்கு ஓடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பெயரைப் பற்றி யோசித்திருப்பார்கள்? 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த இடம். மருந்து கண்டுபிடிக்காத காலம். நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம்.

வெளிச்சம் என்றதும் சிரிக்காதீர்கள். சூரிய ஒளி பாக்டீரியாவை வளரவிடாது என்று 1877-லேயே டவுன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் புற ஊதாக் கதிரிலேயே கிருமிக்கு ரொம்ப ஆகாத யுவி-சி வகையை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடும். அதனால் பாதரச விளக்கில் நாமே தயாரிக்கிறோம். 254 நானோமீட்டர். கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்துவிடும். நம் வீட்டு வாட்டர் ப்யூரிஃபையர் பலவற்றில் இருப்பதும் இதே குழல்தான்.

2020 கொரோனா சமயத்தில் இதற்கு வந்தது பாருங்கள் மவுசு! செல்போனைக் கழுவ பெட்டி, மேஜை மேல் ஆட்ட மந்திரக்கோல். எங்கள் ஏரியா மொபைல் கடை ஒன்றில் என் போனைப் பெட்டியில் படுக்க வைத்து, அரை நிமிஷத்தில் எடுத்து, காசும் வாங்கினார்கள். விளக்கு மேலே மட்டும். போனின் முதுகு?

நான் காமர்ஸ் ஆள், கணக்கு இப்படித்தான் புரியும். கிருமிக்குப் போய்ச் சேரும் அளவு = தீவிரம் x நேரம். தனிவட்டி மாதிரி, அசலும் குறைவு, காலமும் குறைவு என்றால் வட்டி எங்கிருந்து வரும்? அதே 2020-ல் டி.ஆர்.டி.ஓ. செய்த 'யுவி பிளாஸ்டர்' கருவியில் 43 வாட் விளக்குகள் 6. அதற்கே 12-க்கு 12 அடி அறைக்கு 10 நிமிஷம் ஆகுமாம். பேட்டரி கோலைப் பத்து செகண்ட் ஆட்டினால்? :-)

இன்னொன்று, நிழல். இது நேராகப் படும் இடத்தில்தான் வேலை செய்யும். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, விரல் ரேகைக்கு அடியில் கிருமி சௌக்கியமாக இருக்கும். அதனால் ஆஸ்பத்திரிகளிலும் முதலில் துடைத்துவிட்டு, அப்புறம்தான் விளக்கு.

கண்ணுக்குத் தெரிகிற ஊதா நிறத்தையும் நம்பாதீர்கள். 254 கண்ணுக்கே தெரியாது. வெறும் ஊதா எல்.ஈ.டி.யை வைத்து விற்றதும் உண்டு. நிஜ விளக்கு என்றால் எரியும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாது. பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வெல்டிங்கை வெறுங்கண்ணால் பார்த்தவர் போல மண் விழுந்த மாதிரி உறுத்தும்.