மூத்த கொடி

1832ஆம் ஆண்டில் திராட்சைக் கொடிகள் இரு திசைகளில் கடல் கடந்தன. பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஜேம்ஸ் பஸ்பி திரட்டிய கொடித்துண்டுகள் அவ்வாண்டு ஆஸ்திரேலியாவைச் சென்றடைந்தன. ஷிராஸும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. பேசின் பிரிட்ஜில் வளர்ந்த எனக்குத் தெரிந்த ஒயின் இந்தப் பன்னீர் திராட்சையில் ஆனதுதான். ரயில்வே குடியிருப்பின் ஆங்கிலோ இந்திய வீடுகளில், கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பே சர்க்கரையும் கிராம்பும் சேர்ந்து பீங்கான் ஜாடிகளில் அது நுரைத்துக்கொண்டிருக்கும்.

கம்பத்தில் கொடிக்கு உறக்கம் கிடையாது. கவாத்து செய்து, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை காண்கிறோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கிலோ குளிர்காலத்தில் கொடிகள் இலையுதிர்த்து உறங்குகின்றன. 1860களுக்குப் பின் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பேன் அங்கே நுழையவேயில்லை. 1843இல் நடப்பட்ட ஷிராஸ் கொடிகள் லாங்மெயில் தோட்டத்தில் இன்றும் காய்க்கின்றன. வயது ஏற ஏறக் கொத்துகள் குறையும். ஆனால் காய்க்கும் சிறிதளவில் சாறு செறியும் என்பது அங்குள்ளோர் அனுபவம்.

அடிலெய்டில் பணிபுரியும் என் பழைய மாணவர் அத்தகைய குப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். "சார், இதோட கொடிக்கு நூறு வயசுக்கு மேல ஆவுது" என்றார். ஜாடிச் சாற்றின் இனிப்பை எதிர்பார்த்த நாவுக்கு முதலில் துவர்ப்புதான் கிட்டியது. பிறகு மிளகின் வாசம். விழுங்கிய பின்னும் நெடுநேரம் அகலாத கருமையான ஒரு சுவை. யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வாழ்த்துகிறார் நக்கீரர், புறநானூற்றின் 56ஆம் பாட்டில். மூங்கில் குழாயில் நெடுநாள் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை பேசுகிறது. அங்கெல்லாம் மூப்பு மதுவுக்குரியது. கொடியின் மூப்பைப் பருகுவது எனக்குப் புதிது.

அந்த மூப்புக்கும் ஒரு காலத்தில் மதிப்பில்லை. 1980களின் நடுவில் சிவப்பு ஒயின் தேங்கி விலை வீழ்ந்தபோது, கொடிகளைப் பிடுங்கி எறிவதற்கு அரசே பணம் கொடுத்தது. நூறாண்டு கண்ட ஷிராஸ் கொடிகள் பல வேரோடு போயின. ராக்ஃபோர்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ராபர்ட் ஓ'கலகன் போன்ற சிலர், முதிய கொடிகளின் பழத்துக்கு நல்ல விலை கொடுத்து எஞ்சியவற்றைக் காத்தனர். 2009இல் பரோசா ஒரு சாசனம் வகுத்து, 125 வயது கடந்த கொடிகளுக்கு 'மூதாதை' என்று பெயரிட்டது.

இதைப் படித்தபோது என் தந்தையை நினைத்துக்கொண்டேன். வடசென்னையில் ஓர் ஆலையில் தறி ஓட்டியவர். இழை அறுந்ததை ஓசையிலேயே அறிவார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஐம்பது வயதில் 'விருப்ப ஓய்வு' என்று ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொடியைப் பிடுங்கக் கொடுத்த பணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்தக் காதை விலை கொடுத்துக் காக்க எவரும் வரவில்லை. எழுபது கடந்த பின்னும் திண்ணையில் அமர்ந்தபடி, கடந்து செல்லும் ரயிலில் ஏதோ ஒரு சக்கரம் தேய்ந்து தட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.